படுற பாட்டைச் சொல்லுவோம், நோயின் பேரைக் கேட்டு வருவோம்

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



காலையிலேயே சமையலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ஆடு மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்திருக்கீங்க. சிலர் இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன மாதம் குழுக்களின் கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்தபோது கடன் பேரேட்டில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆடு வாங்க, தையல் மிஷின் வாங்க, காலேஜ் ஃபீஸ் கட்ட, ஓட்டு வீட்டுக்கு ஓடு மாத்த என்று கடன் வாங்கின காரணம் தெளிவாக எழுதியிருக்கிறது. வைத்தியத்துக்கு வாங்கின கடனில் மட்டும் ஒரு இடத்தில் 'உடம்புக்கு முடியலை', இன்னொரு இடத்தில் 'மேலுக்குச் சுகமில்லை', வேறொரு இடத்தில் 'ஆஸ்பத்திரிச் செலவு', 'பண்டுவம்'. "என்ன நோய்க்குன்னு எழுதலையே?" என்று ஊக்குநரிடம் கேட்டோம். "கடன் வாங்கினவங்களுக்கே தெரியாதுங்க, நான் எங்க போயி எழுத?" என்றார்.

நோயின் பேரைப் பேரேட்டில் எழுதணும்னு நாங்கள் சொல்ல வரவில்லை. அது ஒவ்வொருவருடைய சொந்த விஷயம், எழுத வேண்டியதில்லை. ஆனால் வட்டி கட்டி வைத்தியம் பார்க்கிற நமக்கு, எதுக்கு வைத்தியம் பார்த்தோம் என்பதாவது தெரிய வேண்டாமா? இன்றைக்கு நாம் பேசப் போவது இதைப் பற்றித்தான். நோயைப் பற்றி நாம் பேசுகிற வார்த்தைகள், பேசாமல் விடுகிற வார்த்தைகள், இவற்றால் நமக்கு வருகிற கஷ்டம்.

நாங்கள் செய்த ஒரு தப்பு

முதலில் எங்கள் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறோம். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊரில் வங்கிக் கடன் சம்பந்தமான கூட்டம். நாற்பத்தெட்டு வயது அக்கா ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "என்னக்கா?" என்றோம். "என்னமோ நெஞ்சை அடைக்குது கண்ணு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள், "காலையில இருந்து சாப்பிடலை, வாயு பிடிச்சிருக்கும்" என்றார்கள். ஓமத் தண்ணி கொடுத்தார்கள், ஒருத்தர் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார். கேட்கவில்லை. எங்கள் வண்டியில் பின்னால் உட்கார வைத்துப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

டாக்டர் அந்த அக்காவைப் பார்த்து, "என்னம்மா செய்யுது?" என்றார். அக்கா வாயைத் திறப்பதற்கு முன்னால் நாங்கள் முந்திக்கொண்டு, "கேஸ் டிரபிள் சார்" என்றோம். ஒரு ஊசி, நாலு மாத்திரை. வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு வந்தோம்.

விடியற்காலம் மூணு மணிக்கு அவருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. 108 வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் மாரடைப்பு. அது முதல்நாள் மத்தியானமே வந்துவிட்டது, பல மணி நேரம் வீணாகிவிட்டது என்றார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் பலம் குறைந்துவிட்டது. நாத்து நடவில் முதல் ஆளாக நின்றவர், இன்றைக்கு ஒரு குடம் தண்ணி தூக்க முடியாது.

இதில் எங்களைச் சுட்டது இன்னொரு விஷயம். வண்டியில் போகும்போதே அவர் எங்களிடம், "தாடை வலிக்குது, இடது தோள்பட்டை கனமா இருக்கு, ரவிக்கையெல்லாம் வேர்த்து நனைஞ்சு போச்சு" என்று சொல்லியிருக்கிறார். ஒன்றையும் நாங்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. ஒரே வார்த்தையில் 'கேஸ்' என்று முடித்துவிட்டோம். அந்த டாக்டர் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கலாம், ஒரு ஈ.சி.ஜி. எடுத்திருக்கலாம். அது அவர் பக்கத்துத் தப்பு. எங்கள் பக்கத்துத் தப்பை அந்த அக்கா பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டாக்டர் என்னைத்தான் கேட்டார். நீங்க முந்திக்கிட்டீங்க."

சமூகப் பணி படித்த படிப்பு அந்த இடத்தில் எங்களுக்கு உதவவில்லை. அந்த அக்கா இன்றைக்கு இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். "என் கதையைச் சொல்லுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொன்னதால்தான் சொல்கிறோம்.

ஒரே வார்த்தை, பல நோய்

அன்றைக்கு நடந்தது என்ன? நோயின் பேரை நாமே வைத்துக்கொண்டு போனோம். பேர் வைப்பது டாக்டரின் வேலை. நம் வேலை, படுற பாட்டைச் சொல்வது. நாம் வழக்கமாகச் சொல்லும் சில வார்த்தைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல நோய் ஒளிந்திருக்கிறது.

வாயு: வயிறு உப்பசம் என்றாலும் வாயு, இடுப்புப் பிடித்தாலும் வாயு, நெஞ்சு அடைத்தாலும் வாயு. நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி அழுத்தினால், வலி தாடைக்கோ முதுகுக்கோ கைக்கோ பரவினால், கூடவே வியர்வை, வாந்தி, மூச்சு வாங்கல் இருந்தால் அதை வாயு என்று விட்டுவிடக் கூடாது. பெண்களுக்கு நெஞ்சுவலி லேசாக இருந்து, மூச்சிரைப்பும் அசதியும் மட்டும் பெரிதாகத் தெரியலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல்கூட மாரடைப்பு வரலாம். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆனால் 'கேஸ்' என்று சொல்லிக்கொண்டு போனால் அந்த மாத்திரை நம் கைக்கு வராது.

இழுப்பு: சில ஊரில் இழுப்பு என்றால் ஆஸ்துமா. அதையே இரைப்பு, வீசிங் என்றும் சொல்கிறோம். சில ஊரில் கை கால் வெட்டி வெட்டி இழுக்கும் வலிப்பு. "வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு" என்றால் அது பக்கவாதம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பக்கவாதத்தில், ரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்க?" என்பதுதான். முகம் கோணுது, ஒரு கை தூக்க வரலை, பேச்சு குழறுது என்று கண்டால் உடனே கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பதோ, பல்லுக்கு இடையில் கரண்டி வைப்பதோ வேண்டாம்.

மயக்கம்: "மயக்கமா வருது" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. வீடே சுத்துதா? எழுந்து நின்றால் கண்ணு இருட்டிக்கிட்டு வருதா? நினைவே இல்லாமல் விழுந்தீர்களா? இல்லை, கை நடுங்கி, வேர்த்து, படபடன்னு வருதா? சர்க்கரைக்கு மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போனவர்களுக்கு இந்தக் கடைசி ரகம் வரும். அது சர்க்கரை கூடிப்போனதால் அல்ல, குறைந்துபோனதால் வருவது. நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணி கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

வலி: "அவளுக்கு வலி வந்துடுச்சு" என்றால் பிரசவ வலியா, வலிப்பா? 108-க்குப் போன் பண்ணும்போது இதைத் தெளிவாகச் சொன்னால், வருகிறவர்கள் அதற்குத் தயாராக வருவார்கள்.

ஒரே நோய், பல பேர்

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. ஒரே நோய்க்குப் பத்துப் பேர் வைத்திருக்கிறோம். சளி பிடித்ததை ஜலதோஷம், நீர்க்கோவை, தடுமம் என்று ஊருக்கு ஒரு மாதிரி சொல்கிறோம். அதில் ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் சில பேர்கள் நோயை மறைத்துவிடும்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். டி.பி., சயரோகம், எலும்புருக்கி எல்லாம் ஒன்றுதான். அந்தப் பேர்களைக் கேட்டாலே பயம். அதனால் வீட்டில் 'நாள்பட்ட சளி', 'சூட்டு இருமல்' என்று சொல்லிச் சமாளிக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு இளைப்பது, இவை இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். கழுத்தில் நெறி கட்டின மாதிரி கட்டி வந்து ஆறாமல் இருந்தாலும் காட்ட வேண்டும். அதைத்தான் நம் பெரியவர்கள் கண்டமாலை என்றார்கள். அதுவும் பெரும்பாலும் காசநோய்தான். பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. நடுவில் நிறுத்தாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரில் இரட்டிப்பானது. 'சூட்டு இருமல்' என்று வீட்டில் இருந்தால் இது எதுவும் கிடைக்காது.

அடுத்து அம்மை. நம் பாட்டிமார் பயந்த பெரியம்மை இந்தியாவில் 1975-க்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று 1980-ல் அறிவித்துவிட்டார்கள். இப்போது நாம் 'அம்மை போட்டிருக்கு' என்று சொல்வதெல்லாம் வேறு வேறு நோய்கள். மணல் மாதிரி உடம்பெல்லாம் வருவது தட்டம்மை, அதைத்தான் மணல்வாரி என்கிறோம். நீர் கோத்த கொப்புளம் வருவது சின்னம்மை. கன்னத்துக்குக் கீழே வீங்குவது பொன்னுக்கு வீங்கி, சில ஊரில் அம்மைக்கட்டு. வேப்பிலை கட்டுவது, வீட்டைச் சுத்தமாக வைப்பது, ஆள் நடமாட்டம் குறைப்பது எல்லாம் நம் வழக்கம், அது இருக்கட்டும். ஆனால் தட்டம்மை கண்ட பிள்ளைக்கு வேகமாக மூச்சு வாங்கினால், பால் தண்ணி குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், "ஆத்தா விளையாடுறா, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இன்னொன்று என்று தட்டம்மைத் தடுப்பூசி இருக்கிறது. தவற விடாதீர்கள்.

கைக்குழந்தைக்கு 'உச்சி விழுந்துடுச்சு' என்கிறோம். உச்சிக்குழி உள்ளே போனதை நம் பெரியவர்கள் சரியாகத்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதுவே நோயில்லை. பேதியிலும் வாந்தியிலும் உடம்பில் தண்ணி வற்றிப்போனதற்கு அடையாளம். உச்சியில் எண்ணெய் வைப்பதாலும் தொக்கம் எடுப்பதாலும் தண்ணி திரும்பி வராது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில் முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுப்பார்கள், பேதி நின்றுவிட்டாலும் முழுக்கக் கொடுக்க வேண்டும். உச்சி குழிந்து, கண் உள்ளே போய், பிள்ளை துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போகிற வழியிலும் ஊட்டிக்கொண்டே போங்கள்.

தேமல் என்ற வார்த்தையையும் கவனியுங்கள். வெளிறின படை இருக்கும் இடத்தில் தொட்டால், கிள்ளினால் உணர்ச்சி இல்லையென்றால் அது தொழுநோயாக இருக்கலாம். 'குஷ்டம்' என்ற பேருக்குப் பயந்து மறைத்துவிட்டால் விரல் மடங்கிப் போகும். முன்கூட்டியே காட்டினால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ இலவச மாத்திரையில் முழுக் குணம்.

வாய்க்குள்ளேயே நின்றுபோகும் வார்த்தைகள்

இப்போது ஆம்பளைங்க இல்லாத கூட்டம் என்பதால் வெளிப்படையாகப் பேசலாம். மாதவிலக்கு என்ற ஒன்றுக்கே நாம் எத்தனை பேர் வைத்திருக்கிறோம்? தூரம், வீட்டு விலக்கு, தலைக்குத் தண்ணி ஊத்துறது, ஒதுங்கி இருக்கேன், பீரியட்ஸ். எல்லாம் மறைத்துச் சொல்லும் பேர்கள். பக்கத்து வீட்டில் மறைக்கலாம். டாக்டரிடமும் மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

ஒரு ஊரில் ஒரு அம்மா ஒரு வருஷமாக 'சூடு' என்று சொல்லி மோரும் வெந்தயமும் குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டுப் பார்த்த பிறகுதான், அது நாற்றத்தோடு கூடிய வெள்ளைப்படுதல் என்று சொன்னார். மாத்திரையில் சரியாகிற தொற்று அது. ஒரு வருஷம் பட்ட பாடு வெட்கத்தினால் பட்டது.

அதனால் இந்த நாலு விஷயத்தையும் சொல்லப் பழகிக்கொள்வோம். கூச்சமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம், நம்ம நர்சம்மாவிடம் சொல்லலாம்.

ஒன்று, அதிக உதிரப்போக்கு. நம் முன்னோர் இதற்கு வைத்த பேர் 'பெரும்பாடு'. எவ்வளவு பொருத்தமான வார்த்தை பாருங்கள்! "நிறையப் போகுது" என்று மட்டும் சொல்லாமல், ஒரு நாளைக்கு எத்தனை துணி அல்லது நாப்கின் மாத்துறீங்க, எத்தனை நாள் நிக்காம போகுது, கட்டி கட்டியா போகுதா என்று சொல்லுங்கள்.

இரண்டு, மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும் காட்ட வேண்டும். "திரும்ப வயசு வந்துடுச்சு" என்று கேலி பேசிவிட்டு விடும் விஷயமில்லை. கணவரோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும்.

மூன்று, மார்பில் கட்டி. வலிக்கவில்லை என்பதால் பால் கட்டி என்று விடாதீர்கள். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பு, கருப்பை வாய் புற்றுநோய்ப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

நான்கு, அடியிறக்கம். கர்ப்பப்பை கீழே இறங்குவது. பிரசவமாகி சீக்கிரமே பாரம் தூக்கினவர்கள் எத்தனையோ பேர் இதை வருஷக்கணக்கில் சுமக்கிறார்கள். இதற்கு வைத்தியம் உண்டு. வயசானால் இப்படித்தான் என்று இருக்க வேண்டாம்.

மனசு சம்பந்தமான நோய்க்கும் இதே கதிதான். பிரசவமான பெண் அழுதுகொண்டே இருந்தால், பிள்ளையைத் தூக்க மறுத்தால் 'காத்து கருப்பு' என்கிறோம். இல்லையென்றால் 'பைத்தியம்' என்கிறோம். இரண்டும் அந்தப் பெண்ணை வைத்தியத்திலிருந்து தள்ளி நிறுத்துகிற வார்த்தைகள். "தூக்கமில்லை, அழுகையா வருது, எதுலயும் மனசு ஒட்டலை" என்று சொன்னால் போதும். 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

நம்மிடம் வார்த்தைக்குப் பஞ்சமில்லை

"நாங்க படிக்காதவங்க, டாக்டர்கிட்ட எப்படிப் பேசுறது?" என்று கேட்கிறீர்கள். டாக்டருக்கு இங்கிலீஷ் வார்த்தை வேண்டாம். நம் வீட்டுப் பேச்சில் வலிக்கு எத்தனை வார்த்தை இருக்கிறது! குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, பிசையுது, முறுக்குது, சுருக்குனு பிடிக்குது, விண்விண்ணுனு தெறிக்குது, அழுத்துது, கனக்குது, கால் உளையுது, மரத்துப் போகுது, மதமதன்னு இருக்கு. இதில் ஒவ்வொன்றும் டாக்டருக்கு ஒரு துப்பு. மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சு வேறு, நடந்தால் அழுத்தி உட்கார்ந்தால் விடும் நெஞ்சு வேறு, சாப்பிட்டுப் படுத்தால் எரியும் நெஞ்சு வேறு. இப்படிப் பிரித்துச் சொல்ல நம்மால் முடியும். தினம் இதே வார்த்தையில்தானே வீட்டில் பேசுகிறோம்!

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருக்கும்போது ஐந்து விரலையும் மடக்கி இந்த ஐந்தையும் மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்.

1. எங்கே? விரலை வைத்துக் காட்டுங்கள்.

2. எப்போ இருந்து? நேத்தா, பத்து நாளா, தீபாவளிக்கு முன்னாலேயே இருந்தா? நேரம் தெரிந்தால் நேரத்தையும் சொல்லுங்கள்.

3. எப்படி? மேலே சொன்ன வார்த்தைகளில் எது பொருந்துதோ அது.

4. எதனால் கூடுது, எதனால் குறையுது? நடந்தாலா, குனிந்தாலா, சாப்பிட்டாலா?

5. கூட வேற என்ன? காய்ச்சல், வாந்தி, வியர்வை, எடை குறைவு, மாதவிலக்கு தள்ளிப்போனது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கூடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளி பேச முடிந்தால் அவரைப் பேச விடுங்கள். அவர் விட்டதை மட்டும் பிறகு சொல்லுங்கள். நாங்கள் முந்திக்கொண்டது போல முந்திக்கொள்ளாதீர்கள். "ஒரு ஊசி போட்டு அனுப்புங்க", "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வைத்தியத்தையும் நாமே சொல்ல வேண்டாம்.

அங்கே சொல்லும் வார்த்தைகளை விடாதீர்கள்

போகும்போது பாட்டைச் சொன்னோம். வரும்போது பேரைக் கேட்டு வர வேண்டும். "எனக்கு என்ன நோய்ங்க? தமிழ்ல சொல்லுங்க, சீட்டுல எழுதிக் கொடுங்க" என்று கேட்பது நம் உரிமை. அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் அடிக்கடி காதில் விழும் சில வார்த்தைகள். 'பாசிட்டிவ்' என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. எந்த நோய்க்காகச் சோதித்தார்களோ அது இருக்கிறது என்று அர்த்தம். 'நெகட்டிவ்' என்றால் இல்லை. ஆனால் ரத்த வகையில் 'நெகட்டிவ்' என்பது நோயே இல்லை, அது ஒரு வகை. நெகட்டிவ் வகைத் தாய்க்குப் பாசிட்டிவ் வகைக் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி போட வேண்டும். கர்ப்பிணிகள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மத்தியானம் வேண்டாம், ராத்திரி ஒன்று.

'ரத்தம் கம்மி' என்றால் எவ்வளவு என்று கேளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்படியானால் இந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேர். "அசதி, சத்துக் குறைவு" என்று டானிக் வாங்கிக் குடிப்பதை விட, அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு இலவச இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுவது மேல்.

'கட்டி' என்ற வார்த்தையில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். ஸ்கேனில் 'ஃபைப்ராய்டு' என்று வந்தால் அது கர்ப்பப்பையின் தசைக்கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. 'கட்டி' என்று கேட்டதும் பயந்துபோய், குழுவில் அவசரக் கடன் வாங்கி, கர்ப்பப்பையை எடுக்கக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். முதலில் நாலு கேள்வி கேளுங்கள். இதுக்குப் பேர் என்ன? ஆபரேஷன் இப்பவே அவசியமா? மருந்தில் பார்க்கலாமா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பிறகு அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். நோயின் பேர் தெரிந்தால்தான், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா என்றும் விசாரிக்க முடியும். பேர் தெரியாதவர் கையில் கார்டு இருந்தும் கடன்தான் வாங்குவார்.

வாரக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

மூன்று விஷயத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகலாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு உறுப்பினர் வீட்டிலும் பழைய சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் காகிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைப்பது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தப் பையும் கூட வர வேண்டும்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு வாரக் கூட்டத்தில், சேமிப்பு, சந்தா வசூல் முடிந்த பிறகு பத்து நிமிஷம் இந்த ஐந்து விரல் கேள்வியைச் சொல்லிப் பார்ப்பது. ஒருவர் நோயாளி, ஒருவர் டாக்டர். விளையாட்டாகச் செய்தாலே வாய் பழகிவிடும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்க்கும் தன்னார்வலர்களில் பலர் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். அவர்களையும் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, வைத்தியக் கடன் கேட்டு வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி: "டாக்டர் என்ன நோய்னு சொன்னாரு, கேட்டுக்கிட்டியா?" பதிலை நம்மிடம் சொல்ல வேண்டாம், எழுதவும் வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொண்டாரா என்பது மட்டும் நமக்குப் போதும். கடனை இதற்காக நிறுத்தவும் கூடாது. அவசரம் என்றால் பணம் முதலில், கேள்வி பிறகு.

குழு ஆரம்பித்த புதிதில் நம்மில் பலருக்கு வங்கியில் மேனேஜர் முன்னால் பேச்சே வராது. செலான் என்றால் என்ன, பாஸ்புக் என்றால் என்ன என்று தெரியாது. இன்றைக்கு நம் உறுப்பினர்கள் வட்டிக் கணக்கை மேனேஜருக்கே திருத்திச் சொல்கிறார்கள். அங்கே வந்த பேச்சு ஆஸ்பத்திரியிலும் வரும். நம் பணத்துக்குக் கணக்குக் கேட்கக் கற்றுக்கொண்டோம், நம் உடம்புக்கும் கேட்போம்.

அந்த அக்காவிடம் நாங்கள் ஒரு வாக்குக் கொடுத்தோம். இனி யாரோடு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், டாக்டர் கேட்கும்போது நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம் என்று. அந்த வாக்கைக் காப்பாற்றி வருகிறோம். நீங்களும் காப்பாற்றணும் என்று கேட்டுக்கொள்கிறோம்.